சென்னிமலை போர்வைக் கடைக்கு வெப்சைட்: 15 ஆயிரமா, 48 ஆயிரமா, மாச வாடகையா?

சென்னிமலைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்களுக்குச் சென்னிமலையில கைத்தறிப் போர்வைக் கடை. பெட்ஷீட், துண்டு, கால்மிதி. சொந்தத் தறி கொஞ்சந்தான், மீதிக்கு சுத்துப்பட்டு ஊர்ல வீட்டுத் தறிக்காரங்களுக்குப் பாவு கொடுத்து நெய்து வாங்குறோம். கடைக்கு வர்ற கூட்டம் பெரும்பாலும் மலைக்கு வர்ற கூட்டந்தான். செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, தைப்பூசம்னா நிக்க நேரமிருக்காது. மத்த நாள்ல அப்பா பேப்பரை ரெண்டு தடவ படிச்சு முடிச்சுருவார்.

நான் இன்ஸ்டாவுல போட ஆரம்பிச்சதுல இருந்து சென்னை, பெங்களூர், ஹைதராபாத்னு ஆர்டர் வருது. ஆனா எல்லாமே சாட்டுல. "விலை என்ன", "இதே டிசைன் நீலத்துல இருக்கா", "ஜிபே பண்ணிட்டேன் பாருங்க"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கும் வந்துட்டே இருக்கும். அதனால வெப்சைட் போட்டுரலாம்னு மூணு இடத்துல கேட்டேன்.

ஈரோட்ல ஒரு தம்பி 15,000 சொல்றார். அஞ்சு பேஜ், டொமைனும் (சைட்டோட அட்ரஸ்) ஹோஸ்டிங்கும் (சைட்டை வைக்கிற இடம்) "ஃப்ரீ".

கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணு 48,000, அதுக்கு மேல ஜிஎஸ்டி. சைட் கட்டுற வேர்ட்பிரஸ், அதுல கடை போடுற ஊகாமர்ஸ், ஆன்லைன்ல காசு வாங்குற பேமெண்ட் கேட்வே, நூறு பிராடக்ட் அப்லோட், கூகுள் தேடல்ல மேல வர்றதுக்கான எஸ்இஓ எல்லாம் சேத்து.

மூணாவது ஆளு முன்பணமே வேண்டாம், மாசம் 1,800 போதும்ங்கிறார். நிறுத்தினா சைட்டும் நின்னுருமாம்.

அப்பாவுக்கு 48 ஆயிரம்னதும் முகம் மாறிப்போச்சு. "அந்தக் காசுல ஒரு தறி போடலாம்"ங்கிறார். இதுல எது நியாயமான ரேட்டு? யார்கிட்ட என்ன கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சமண்டி:

வெப்சைட் எதுக்குங்க அம்மணி? வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்லாக் இருக்கு, 500 ஐட்டம் வரைக்கும் பைசா செலவில்லாம போடலாம். கூகுள் மேப்ல கடையைப் பதிஞ்சு நல்ல போட்டோ நாலு போட்டீங்கன்னா மலைக்கு வர்றவன் அப்படியே கீழ இறங்கி உங்க கடைக்கு வருவான். அதுவும் இலவசம். கூகுள்காரனே அதோட ஒரு குட்டி வெப்சைட்டும் சும்மா கொடுத்தான், நானும் வச்சிருந்தேன். 2024 மார்ச்சுல அதை இழுத்து மூடிட்டான், அது வேற கதை. எங்கப்பா சொன்னாலும் உங்கப்பா சொன்னதைத்தான் சொல்வார்.

பழையடிசைனர்:

மஞ்சமண்டி அண்ணன் முதல்ல சொன்னது சரி, கடைசியில சொன்னதுலயே அதுக்கு மறுப்பும் இருக்கு. அடுத்தவன் இடத்துல கடை போட்டா அவன் மூடும்போது நாமளும் மூடணும். இன்ஸ்டாவுக்கும் அதே கதிதான்.

நான் கோவையில தனியா இந்த வேலை பண்றேன், ஆரம்பத்துல ரெண்டு கம்பெனியில இருந்துட்டு வந்தவ. சிஸ்டர், உங்க மூணு கொட்டேஷனையும் ரேட்டை வச்சுப் பாக்காதீங்க. மூணும் மூணு வேற வேற சரக்கு. 15,000 உங்களைப் பத்திச் சொல்ற நோட்டீஸ். 48,000 கடை, ஜிஎஸ்டி 18% சேந்தா 56,640 வரும், அதையும் அப்பாகிட்ட இப்பவே சொல்லிருங்க. 1,800 வாடகை: மூணு வருஷத்துல 64,800 கொடுத்திருப்பீங்க, கையில ஒண்ணும் இருக்காது.

மூணு பேர்கிட்டயும் நான் முதல்ல கேக்கச் சொல்றது ஒரே கேள்வி. டொமைன் யார் அக்கவுண்ட்ல வாங்குவீங்க? "உங்க பேர்லதான் மேடம்"னு எல்லாரும் சொல்வாங்க. அதை நம்ப வேண்டாம். உங்க ஜிமெயில், உங்க செல் நம்பர் போட்டு, உங்க கார்டுல நீங்களே வாங்குங்க. ஓடிபி உங்க போனுக்கு வரணும். டாட் காம், டாட் இன் எதுவானாலும் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சுத்துல முடிஞ்சிரும். முதல் வருஷம் தள்ளுபடியில கம்மியா காட்டுவான், ரினியூவல் ரேட்டைப் பாத்து வாங்குங்க. அந்தத் தம்பி ஃப்ரீயா தர்றேன்னு சொல்ற இந்த ஆயிரம் ரூபாய்தான் உங்க மொத்த சைட்டுக்கும் சாவி. ஹோஸ்டிங்கும் அப்படியே. அவங்களுக்கு வேலை செய்ய ஒரு லாகின் கொடுத்தா போதும், முடிஞ்சதும் எடுத்துரலாம். பேமெண்ட் கேட்வே அக்கவுண்ட் உங்க பான், உங்க பேங்க்ல மட்டும்தான் இருக்கணும், அதுல பேச்சே இல்ல.

கேட்வேன்னதும் இன்னொண்ணு. கார்டுல கட்டினா பொதுவா 2% பிடிப்பாங்க, அந்தப் பிடித்தத்துக்கு 18% ஜிஎஸ்டி. 1,200 ரூபாய் போர்வைக்கு 28 ரூபாய் போயிரும். உங்க விலையில அது இப்ப இருக்கான்னு பாருங்க. அப்புறம் கேட்வேக்காரங்க அப்ரூவல் தரணும்னா சைட்ல பிரைவசி, ரீஃபண்ட், ஷிப்பிங், டெர்ம்ஸ், கான்டாக்ட் பேஜ் எல்லாம் இருக்கணும். நிறைய பேர் இதை வேற சைட்ல இருந்து அப்படியே எடுத்து ஒட்டிருவாங்க. ஒரு துணிக்கடை சைட்டோட ரீஃபண்ட் பேஜ்ல வேற ஊர் செருப்புக்கடை பேரு இருந்ததைப் பாத்திருக்கேன், சைஸ் மாத்தித் தர்றதுக்கு ஷூவைப் போட்டு நடந்திருக்கக் கூடாதுன்னு வேற எழுதியிருந்துச்சு. அந்தப் பேஜை நீங்க எழுதுங்க. துவைச்ச போர்வையைத் திருப்பி வாங்குவீங்களா, கலர் பிடிக்கலைன்னா கூரியர் காசு யாரோடது, இது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்ப முக்கியமான விஷயம். உங்க சரக்கு ரெடிமேட் சட்டை மாதிரி இல்ல. ஒரு பாவுல ஒரு கலர்ல இத்தனை போர்வைன்னு முடிஞ்சிரும், அடுத்த சாயத்துல அதே சிவப்பு வருமான்னு பட்டறைக்காரருக்கே நிச்சயமில்ல. கடையிலயும் விப்பீங்க, சைட்லயும் விப்பீங்க. தைப்பூசத்தன்னிக்கு அப்பா கல்லாவுல கடைசிப் போர்வையை வித்துட்டார்னா சைட்ல "தீர்ந்தது"ன்னு யார் மாத்துறது? கோயம்புத்தூர் கம்பெனி மாத்தாது. நீங்கதான் போன்ல மாத்தணும். அதனால நூறு பிராடக்ட் அப்லோட்ங்கிறது உங்களுக்குப் பெரிய விஷயமில்ல, ரெண்டு மாசத்துல அந்த நூறுல பாதி இருக்காது. ஒரு புதுப் போர்வையைப் போன்ல இருந்து நீங்களே ஏத்த எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு டெமோ காட்டச் சொல்லுங்க. உக்காந்து சொல்லித்தர்றதை கொட்டேஷன்ல தனி வரியா எழுத வைங்க.

அந்த நூறுக்கும் போட்டோ யார் எடுக்கிறாங்கன்னும் எழுதலையே? "கிளையண்ட் தரணும்"னு கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருக்கும், பாருங்க. போன்ல எடுத்தாலே போதும். ட்யூப்லைட்டை அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, இல்லன்னா மெரூன் எல்லாம் பிரவுனா தெரியும், ரிட்டர்ன் வந்துட்டே இருக்கும். கட்டில்ல முழுசா விரிச்சு ஒண்ணு, மடிச்சு வச்சு ஒண்ணு, கரையும் நெசவும் தெரியற மாதிரி கிட்டக்க ஒண்ணு. நூல் தடிப்பு தெரியணும், விசைத்தறி சரக்கையே கைத்தறின்னு விக்கிற காலத்துல அந்தக் கிட்டப் போட்டோதான் உங்களுக்காகப் பேசும். கைத்தறி முத்திரை வாங்கியிருந்தா அதையும் போடுங்க. போன் போட்டோ நாலஞ்சு எம்பி இருக்கும், அதை அப்படியே ஏத்தினா சைட் திறக்கவே திறக்காது. வெப்பி (WebP) ஃபார்மேட்ல சுருக்கித்தான் போடணும்.

டிசைனரை எப்படிப் பாக்கிறதுன்னா, அவர் செஞ்ச பழைய சைட் மூணு கேளுங்க. உங்க அப்பா போன்ல, வைஃபை இல்லாம திறங்க. அழகைப் பாக்காதீங்க, ஒரு பொருளைத் தேடி, வாங்குற கூடையில போட்டு, காசு கட்டுற இடம் வரைக்கும் போய்ப் பாருங்க. அப்புறம் அந்தக் கடைக்காரருக்கே போன் போடுங்க. சைட் நல்லாருக்கான்னு கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்வார். "கடைசியா ஒரு திருத்தம் சொன்னீங்களே, எத்தனை நாள்ல செஞ்சு தந்தாங்க"ன்னு கேளுங்க.

எஸ்இஓன்னு மொட்டையா எழுதியிருந்தா அதுக்கு என்ன செய்வாங்கன்னு கேளுங்க. கூகுள்ல முதல் இடம்னு யாராவது உறுதி கொடுத்தா அங்கேயே எந்திரிச்சு வந்துருங்க.

திருப்பூர்பின்னலாடை:

அக்கா டொமைன் பத்திச் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க கடைக்கு சைட் போட்டுத் தந்தவர் அவர் அக்கவுண்ட்லயே டொமைனை வாங்கியிருந்தார். ரெண்டு வருஷம் ரினியூவல்னு ஜிபேல காசு வாங்கினார், அப்புறம் போனையே எடுக்கல. ஒரு நாள் சைட் காணோம். டொமைன் கம்பெனிக்கு மெயில் போட்டா, அக்கவுண்ட் ஓனர் வந்தாத்தான் பேசுவோம்ங்கிறான். டாட் காம் காலாவதியானதுக்கு அப்புறமும் ஒரு மாசம் கிட்ட அபராதம் கட்டி மீட்கலாம், ஆனா அதுவும் அந்த அக்கவுண்ட்காரர் மட்டும்தான் முடியும். இப்ப அந்தப் பேர்ல யாரோ சூதாட்ட சைட் ஓட்டுறாங்க. எங்க கவர்ல, பில்லுல, டெம்போ முதுகுல எல்லாம் அந்த அட்ரஸ்தான் இருக்கு. டெம்போவுக்கு பெயிண்ட் அடிச்சாச்சு, கவர் ஒரு மூட்டை மிச்சம் கிடக்கு.

வக்கீல்குமாஸ்தா:

சட்டத்துல ஒரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல. காசு கொடுத்தாச்சு, அதனால சைட் நம்மளோடதுன்னு நினைப்போம். 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவுல, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற ஒப்பந்தம் இல்லாதபட்சம் காசு கொடுத்தவர்தான் உரிமையாளர். ஆனா வெளி ஆள் எழுதின கோடுக்கு (சைட்டை ஓட வைக்கிற புரோகிராம்) எழுதினவரே முதல் உரிமையாளர். அது உங்களுக்கு வரணும்னா 19-ம் பிரிவுப்படி அவர் கையெழுத்துப் போட்டு எழுதித் தரணும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதாம விட்டா அஞ்சு வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு எழுதாட்டி இந்தியாவுக்குள்ள மட்டும்.

அதனால ஒரே ஒரு பக்கம் போதும்: முழுத்தொகை கிடைச்சதும் இந்த சைட்டுக்காக நாங்கள் செய்த டிசைன், எழுத்து, கோடு அனைத்தின் உரிமையும், உரிமைக் காலம் முழுவதுக்கும், உலகம் முழுவதுக்கும் உங்களுக்கே. கீழ கையெழுத்து, தேதி. வேர்ட்பிரஸையும், காசு கொடுத்து வாங்கின 'தீம்' (theme, சைட்டோட ரெடிமேட் தோற்றம்) எதையும் இதுல சேக்க முடியாது, அதுக்கு அதோட லைசென்ஸ்தான்.

பழையடிசைனர்:

நன்றி சார். தீம்னு சொன்னதும் ஞாபகம் வருது: காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம், ப்ளக்இன் (சைட்டுக்குக் கூடுதல் வசதி சேக்கிற புரோகிராம்) எல்லாத்தையும் கிராக் பண்ணிப் போட்டுத் தர்றவங்க இருக்காங்க. அப்டேட் வராது, உள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னும் தெரியாது. லைசென்ஸ் உங்க மெயில்ல இருக்கணும்.

சென்னிமலைப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணு பேருக்கும் நேத்தே போன் போட்டுட்டேன்.

கோயம்புத்தூர் கம்பெனியில டொமைன் அவங்க அக்கவுண்ட்லதான் இருக்குமாம், "அது எங்க பாலிசி மேடம்". மாச வாடகைக்காரர் சிரிச்சுட்டே வச்சுட்டார். ஈரோட்டுத் தம்பி உடனே சரின்னுட்டார், "நீங்களே வாங்குங்கக்கா, எனக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம்"னு. ஆனா கேட்வே, ஸ்டாக் எல்லாம் அவர் செஞ்சதில்லன்னு அவரே சொல்றார். ஒளிக்காம சொன்னது பிடிச்சிருந்துச்சு. முதல்ல கேட்லாக் மாதிரி சைட், ஒவ்வொரு போர்வைக்குக் கீழயும் வாட்ஸ்அப் பட்டன், அது போதுமான்னு யோசிக்கிறேன். காசு கட்டுற வசதியை அப்புறம் சேக்க முடியுமா?

இன்னொண்ணு. தமிழ்லயும் வேணும்னு அப்பா பிடிவாதம். நம்ம ஊர் பிரஸ்ல அடிச்ச பழைய நோட்டீஸோட ஃபைலைக் கொடுத்தார், அந்தத் தம்பி சைட்ல ஒட்டினா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கமாவுமா வருது.

பழையடிசைனர்:

தாராளமா போதும். ஆனா வேர்ட்பிரஸ்லயே செய்யச் சொல்லுங்க, அப்பத்தான் நாளைக்கு ஊகாமர்ஸைச் சேத்துக்கலாம், அதுக்கு வேற ஆளைக் கூட வச்சுக்கலாம். வாட்ஸ்அப் பட்டனை அமுக்கினா போர்வைப் பேரும் நம்பரும் மெசேஜ்ல தானா விழணும், அதைக் கட்டாயம் கேளுங்க. இல்லாட்டி மறுபடி ராத்திரி பதினோரு மணிக்கு "எந்தப் போர்வைங்க"ன்னு நீங்கதான் கேட்டுட்டு இருக்கணும்.

நோட்டீஸ் பிரச்சினை ஃபான்ட்தான். பிரஸ்ல பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிப்பாங்க, அது எல்லா போன்லயும் சைட்லயும் தமிழாவே தெரியற யூனிகோட் முறை இல்ல. நெட்டுல இலவசமா கன்வெர்ட்டர் இருக்கு, எந்த ஃபான்ட்னு பிரஸ்ல கேட்டுட்டு மாத்தினா வந்துரும். மாத்தினதும் ஒரு தடவ எழுத்துக் கூட்டிப் படிங்க, கொம்பும் காலும் சில இடத்துல எகிறியிருக்கும். சைட்டுக்கு முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் இதுல ஒண்ணு, மூணும் இலவசம். வரிக்கு வரி இடைவெளி இங்கிலீஷுக்கு விடறதைவிடக் கொஞ்சம் அதிகம் விடச் சொல்லுங்க, இல்லன்னா மேல்வரி உகரமும் கீழ்வரி இகரமும் முட்டிக்கும்.

தம்பிக்குக் காசை மூணாப் பிரிச்சுக் கொடுங்க. ஆரம்பிக்கும்போது 5,000, உங்க போன்ல டெமோ பாத்ததும் 5,000, நீங்களே ஒரு போர்வையை ஏத்தி, "தீர்ந்தது"ன்னும் மாத்திப் பாத்துட்டு மீதி. வக்கீல் சார் சொன்ன பேப்பர்ல அப்பவே கையெழுத்து வாங்கிக்குங்க.