பழைய ஸ்விஃப்ட்டுக்கு 16 அங்குல அலாய் வீல் தகுமா?

காட்பாடிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா 2008-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியை இப்போது நான் ஓட்டி வருகிறேன். பதினைந்து ஆண்டுகள் நிறைந்தபின் எஃப்.சி. (தகுதிச் சான்றுக்கான சோதனை) காட்டி, பதிவை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டோம். விற்கும் எண்ணம் இல்லை. நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன, இரும்பு ரிம்களின் விளிம்பில் துருவும் ஏறியிருக்கிறது. எப்படியும் செலவு செய்தாக வேண்டும் என்பதால், 165/80 ஆர்14 (அகலம் 165 மில்லிமீட்டர், டயர் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரிம் 14 அங்குலம்) அளவை விட்டு, அலாய் வீலோடு 195/55 ஆர்16 அளவுக்குப் போய்விடலாம் என்று நினைக்கிறேன். பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர், புதியது 621. ஆகவே ஸ்பீடோமீட்டர் பிசகாது. கூடாது என்று கருதுவோர் காரணத்தோடு சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாலாஜா பட்டறை:

தம்பி, உங்கள் விட்டக் கணக்கு சரிதான். ஆனால் அந்த ஒரு கணக்கை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் டயர் சுவரின் உயரம் இப்போது 132 மில்லிமீட்டர். நீங்கள் சொல்லும் அளவில் அது 107 ஆகக் குறைகிறது. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி, அரைகுறையாக மூடிய வேலூர்த் தெருக்களில் பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தக் காற்று மெத்தைதான். அது குறைந்தால் மிச்ச அடி ரிம்முக்குப் போகும், அங்கிருந்து சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்கும், சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்ட்டுக்கும், வீல் பேரிங்குக்கும் போகும். இரும்பு ரிம் அடிபட்டால் பெரும்பாலும் வளையும், அதைத் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம்; வார்ப்பு அலாய் அதே அடியில் விரிசல் விடும்.

எடையையும் பாருங்கள். அலாய் என்றாலே எடை குறைவு என்பது அளவு மாறாதவரைக்கும்தான் உண்மை. மலிவான 16 அங்குல வார்ப்பு ரிம், உங்கள் 14 அங்குல இரும்பு ரிம்மை விடக் கனமாக இருப்பது வெகு சாதாரணம். அந்தக் கூடுதல் எடையும் சக்கரத்தின் மையத்தை விட்டு விலகி விளிம்பில் போய் உட்காருவதால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைச் சுழற்ற இன்ஜினும், ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதை அடக்க பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். உங்கள் 1.3 லிட்டர் இன்ஜினின் பிக்கப்பும் மைலேஜும் குறைவதை நீங்களே உணர்வீர்கள். பதினைந்து கோடைகளின் வெயில் தின்ற ரப்பர் புஷ்களின் மேல் இந்தச் சுமையை ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆம்பூர் நெடுஞ்சாலை:

ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். முடிவோடு உடன்பட முடியவில்லை. தெருப் பள்ளத்தை மட்டும் எண்ணி வண்டியை முடிவு செய்வதானால் எல்லோரும் டிராக்டர் டயர்தான் மாட்ட வேண்டும். காட்பாடியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை ஏறி வாணியம்பாடிப் பக்கம் போகிறவருக்கு 165 அகல டயர் போதாது. அவசரமாகப் பிரேக் போடும்போது அகலமான, நல்ல டயர் தரையைப் பற்றும் விதமே வேறு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உயரமான டயர் சுவர் நெளிவதும், ஸ்டியரிங் திருப்பியதற்குச் சற்றுப் பின்னரே வண்டி திரும்புவதும் ஓட்டுகிறவருக்குத் தெரியும். டயர் சுவர் குறைந்தால் அந்தத் தாமதம் குறைகிறது. அழகுக்காக மட்டும் யாரும் அளவு கூட்டுவதில்லை.

வாலாஜா பட்டறை:

உலர்ந்த சாலையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஐப்பசி மழையில் நெடுஞ்சாலையில் தண்ணீர் நிற்கும்போது அகலமான டயர்தான் முன்னதாகத் தரையை விட்டு நீரின் மேல் மிதக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமுண்டு. ஐந்தாண்டு முடிந்து மறுபடியும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை நிறுத்த வேண்டிய உங்களுக்கு இந்தச் சிக்கல் எதற்கு?

ஆம்பூர் நெடுஞ்சாலை:

அதே 52-ஆவது பிரிவின் விளக்கத்தையும் படியுங்கள், ஐயா. வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தைத்தான் அது மாற்றம் என்கிறது. மொத்த விட்டம் மாறாமல் ரிம் மட்டும் மாறுவது எந்த வகையில் கட்டமைப்பு மாற்றம்?

தொரப்பாடி பொறியாளர்:

இருவரும் 14-க்கும் 16-க்கும் நடுவில் இருப்பதை விட்டுவிட்டீர்கள். 2011-இல் வந்த அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட்டின் உயர்வகைக்கு அந்த நிறுவனமே 185/65 ஆர்15 டயர் கொடுத்தது. அதன் விட்டம் 621.5 மில்லிமீட்டர், சுவர் உயரம் 120. பழைய டயரின் சுமைக் குறியீடு 85, அதாவது ஒரு சக்கரத்துக்கு 515 கிலோ. இதற்கு 88, அதாவது 560 கிலோ. எனவே தாங்கும் திறனிலும் குறையில்லை. சட்டம் பற்றிய கேள்வி எழுந்தாலும், இதே பெயரில் வரும் வண்டிக்கு நிறுவனம் தந்த அளவு என்று சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 16 அங்குலத்துக்கு அது கிடையாது.

அளவை விடப் பொருத்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஸ்விஃப்ட்டுக்கு நான்கு நட், பி.சி.டி. (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மில்லிமீட்டர், நடுத் துளை 54.1 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் அலாய்களில் பெரும்பாலானவை பல வண்டிகளுக்கும் பொதுவாகப் பெரிய நடுத் துளையோடு வருகின்றன. அந்த இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் ரிம், சக்கரத்தை மாட்டும் ஹப்பின் நடுவில் சரியாக அமராது. எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம், பழைய ரிம்முக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பேரிங் மேல் விழும் நெம்புவிசை கூடும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தகடு) வைத்துச் சரிக்கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். அலாய் வீலுக்கான இந்தியத் தரநிலை 16192. அந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு ரிம்மையும் உங்கள் இரும்பு ரிம்மையும் ஏதாவது ஒரு காயலான் கடைத் தராசில் மாற்றி மாற்றி வைத்து எடை பாருங்கள். அலாய் கனமாக இருந்தால் வாங்க வேண்டாம்.

வாலாஜா பட்டறை:

இந்தத் தெளிவுக்கு நன்றி. ஆனால் நிறுவனம் தந்த அளவு என்பதே அளவுகோல் என்றால், தம்பியின் வண்டி வந்த அதே தலைமுறையின் உயர்வகைக்கு 185/70 ஆர்14 இருந்ததே! அதை ஏன் யாரும் சொல்லவில்லை? சுவர் உயரம் 130 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பழையபடியே. விட்டம் 5 மில்லிமீட்டர்தான் குறையும். அகலமும் கிடைத்துவிடும்; 14 அங்குலத்திலேயே அலாய் போட்டால் எடையும் குறையும். ஆம்பூர் நண்பர் கேட்ட பிடிமானத்துக்கு இதுவே போதும். மிச்சப்படும் பணத்தில் நான்கு புஷ்களையும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்துவிடலாம். எந்த அளவைத் தேர்ந்தாலும், வெல்டிங் வைத்த பழைய அலாயை மட்டும் தொடாதீர்கள். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

ஆம்பூர் நெடுஞ்சாலை:

14 அங்குலத்தில் அகலம் கூடினாலும் சுவர் நெளிவு அப்படியேதான் இருக்கும், ஐயா. என் கருத்தில் மாற்றமில்லை. நல்ல நிலையில் இருக்கும் சஸ்பென்ஷனுக்கு 16 பெரிய சுமையல்ல. ஆனால் புஷ்ஷைப் பார்க்காமல் சக்கரத்தை மாற்றக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

காட்பாடிக்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. 16 அங்குல யோசனையைக் கைவிடுகிறேன். முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்தி லோயர் ஆர்ம் புஷ்களையும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளையும் பார்க்கச் சொல்லப் போகிறேன். அந்தச் செலவு தெரிந்தபின் 185/65 ஆர்15-ஆ, 185/70 ஆர்14-ஆ என்று முடிவு செய்கிறேன். 15 அங்குலம் போட்டால் ஸ்டெப்னியாகப் பழைய இரும்பு ரிம்மையே வைத்துக்கொள்ளலாமா?

தொரப்பாடி பொறியாளர்:

வைத்துக்கொள்ளலாம், விட்டம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிப் போகத் தடையில்லை. துருவைச் சுரண்டி எடுத்து, நல்ல டயராக ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். அலாய்க்கு வேறு நட் கொடுத்தால், அது இரும்பு ரிம்மின் துளையில் சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது. பழைய நட்களில் நான்கை ஜாக்கியோடு சேர்த்து டிக்கியில் போட்டு வையுங்கள். புதிய சக்கரம் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா நட்களையும் ஒருமுறை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் சரிபார்க்கச் சொல்லுங்கள்.