கார் பின்கதவைத் தாங்கும் தண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய கார்ப் பராமரிப்பு வேலைகளைத் தமிழில் எழுதித் தொகுத்துவருகிறேன். டயர் மாற்றுவது, வைபர் மாற்றுவது வரை எழுத்து தடையில்லாமல் ஓடியது. டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்துகிற இரண்டு தண்டுகளிடம் வந்து நின்றுவிட்டது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதிலிருந்து எங்கள் காரின் பின்கதவு காலையில் திறந்தால் நிற்பதில்லை. மெல்ல இறங்கி வந்து தலையில் இடிக்கிறது. வெயில் அடிக்கும் நாளில், நண்பகலில் ஒழுங்காக நிற்கிறது. தண்டுகளை மாற்ற வேண்டும் என்பது புரிகிறது. எதை மாற்றுகிறோம் என்று எழுதுவதில்தான் சிக்கல். உதிரிபாகக் கடையில் ஒருவர் ‘டிக்கி ஷாக்’ என்கிறார், பக்கத்துக் கடைக்காரர் ‘பேலன்சர்’ என்கிறார். பெட்டி வைத்த கட்டில் செய்துதரும் தச்சர் அதே போன்ற பொருளை ‘ஹைட்ராலிக்’ என்கிறார். ‘அதிர்வுதாங்கி’ என்று எழுதிவிடலாமா? அண்ணாச்சி சொல்ல வேண்டும்.

— தென்காசியிலிருந்து

* * *

தென்காசித் தங்கைக்கு,

அதிர்வுதாங்கி என்று எழுத வேண்டாம் அம்மா. சக்கரத்துக்கு மேலே இருக்கிற அதிர்வுதாங்கியின் வேலை, சுருள்வில்லின் ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவது. வண்டியின் எடையைச் சுமப்பது சுருள்வில்தான். பின்கதவுத் தண்டோ எடையையே தூக்குகிறது. உருவம் ஒன்றுபோல் இருப்பதால் கடைக்காரர்கள் ‘ஷாக்’ என்கிறார்கள், வேலை வேறு.

அதன் உள்ளமைப்பைச் சொல்கிறேன். ஓர் எஃகு உருளை. அதற்குள் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன், கூடவே சிறிதளவு எண்ணெய். உருளைக்குள் நகரும் பிஸ்டனின் ஒரு பக்கத்தில் தண்டு பொருந்தி வெளியே நீண்டிருக்கும். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் வளிமம் (வாயு) ஒரே அழுத்தத்தில்தான் இருக்கும். அப்படியானால் தண்டு வெளியே தள்ளப்படுவது எதனால்? தண்டு பொருந்தியிருக்கும் பக்கத்தில், தண்டின் குறுக்குப் பரப்பு அளவுக்கு வளிமம் படாத இடம் இருக்கிறது. அந்தப் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் தள்ளும் விசை. 8 மி.மீ. விட்டமுள்ள தண்டு 400 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறது என்றால் உள்ளே ஏறக்குறைய 80 பார் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்.

உங்கள் சாரல் காலைக்கும் இதில் விடை உண்டு. அடைபட்ட வளிமம் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். வெப்பநிலை 10 பாகை இறங்கினால் விசை சுமார் 3 விழுக்காடு இறங்கும். புதிய தண்டில் இது தெரியவே தெரியாது. தண்டைச் சுற்றி வளிமம் வெளியேறாமல் தடுக்கும் அடைப்பு வளையம் (சீல்) தேய்ந்து, பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கதவைத் தாங்கும் எல்லையிலேயே நிற்கும் தண்டில் அந்த 3 விழுக்காடுதான் நிற்பதற்கும் விழுவதற்கும் உள்ள வேறுபாடு.

அமுக்கினால் திருப்பித் தள்ளுவது வில்லின் இயல்பு. இங்கே அமுங்குவது வளிமம். ஆகவே ‘வளிம வில்’ என்பதே என் பரிந்துரை.

— பாளையங்கோட்டையிலிருந்து

* * *

அண்ணாச்சிக்கு வணக்கம். அக்காவுக்கும்.

> ஆகவே ‘வளிம வில்’ என்பதே என் பரிந்துரை.

வகுப்பறையில் இந்தச் சொல் நிற்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கா எழுதுவது கையில் திருப்புளியுடன் காருக்குப் பின்னால் நிற்கிறவருக்காக. காரில் வில் என்றால் அவருக்குத் தெரிந்தவை சுருள்வில், லாரிக்கு அடியில் இருக்கும் பட்டைவில். ‘வளிம வில்லைக் கழற்றவும்’ என்று படித்தால் அவர் சுருளைத்தான் தேடுவார். அந்தப் பொருள் எதற்காக அங்கே இருக்கிறது என்பதும் அந்தப் பெயரில் இல்லை.

ஒரு பாகத்தின் பெயர் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: அது என்ன வேலை செய்கிறது, அதில் எதற்கு அஞ்ச வேண்டும். இரண்டாவதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘ஹைட்ராலிக்’ என்று கேட்டுப் பழகியவர், எண்ணெய் குறைந்துவிட்டது, துளை போட்டு ஊற்றினால் சரியாகிவிடும் என்றே எண்ணுவார். என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் உண்டு. கதவைத் தாங்க முடியாத பழைய தண்டிலும் பல பத்துப் பார் அழுத்தம் மிச்சம் இருக்கும். அதில் துளையிடுவதோ, அறுப்பதோ, தீயில் போடுவதோ உயிரோடு விளையாடுவது. எனவே உள்ளே அடைபட்டிருப்பது வளிமம் என்பது பெயரிலேயே தெரிந்தாக வேண்டும்.

வேலைக்கு வருகிறேன். நம் பக்கத்தில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் கிடக்கிறது. களக்காட்டிலும் சேரன்மகாதேவியிலும் குலை தள்ளிய வாழை காற்றில் சாய்ந்துவிடாமல் இருக்கக் கம்பு நட்டு ‘முட்டுக் கொடுப்பார்கள்’. கூரை இறங்கினால் முட்டு. சுவர் சாய்ந்தால் முட்டு. கீழிருந்து எதிர்த்துத் தாங்குவது எதுவோ அது முட்டு. ‘தாங்கி’ என்று போகலாம் என்றால், பொறியியலில் அது பேரிங்குக்கு நிலைத்துவிட்டது. ‘தூக்கி’யும் மின்தூக்கிக்குப் போய்விட்டது. முட்டு மட்டும் ஆளில்லாமல் இருக்கிறது.

ஆகவே வளிமுட்டு என்பது என் முன்மொழிவு. பின்கதவு வளிமுட்டு, கட்டில் வளிமுட்டு, அடுக்களை அலமாரிக் கதவின் வளிமுட்டு எல்லாம் இயல்பாக வருகின்றன. இன்னொரு வசதியும் இருக்கிறது. பல சிறிய கார்களில் பானெட்டைத் தூக்கி ஒரு கம்பியை மாட்டி நிறுத்துகிறோமே, அது முட்டுக்கம்பி. விலை கூடிய கார்களில் அதே இடத்தில் இருப்பது வளிமுட்டு. ஒரு குடும்பத்துச் சொற்களாக அமைந்துவிடுகின்றன.

சொல் நன்றாக இருக்கிறதா என்று தனியே வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை வைத்து வேலையைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லிப் பார்க்கிறேன்:

புதிய வளிமுட்டு வாங்கும்முன் பழையதன் உருளையில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் அளவைப் படித்துக்கொள்ளுங்கள். முழுதாக நீண்ட நிலையில் அதன் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். விசை கூடினால் இன்னும் நன்றாக நிற்குமே என்று அதிக நியூட்டன் உள்ளதை வாங்கக் கூடாது. மூடுவது கடினமாகும், கீல்களும் தகடும் பாரம் தாங்காமல் வளையும். ஒன்று மட்டும் கெட்டிருப்பதுபோல் தோன்றினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் கதவு ஒரு பக்கமாக முறுக்கப்படும்.

காற்று மறைவான இடமாக வண்டியை நிறுத்துங்கள். (பணகுடி, வள்ளியூர்க்காரர்களுக்கு இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். காற்றாலை சுழலுகிற ஆனி, ஆடியில் திறந்த வெளியில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.) கதவை முழுதாகத் திறந்து, துணி சுற்றிய உறுதியான மரக்கட்டையை முட்டாக வையுங்கள், கூட ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கதவு முழுதாகத் திறந்திருப்பது கட்டாயம். அப்போதுதான் வளிமுட்டு முழு நீளத்தில் இருக்கும். 400 நியூட்டன் என்பது ஏறக்குறைய 41 கிலோ எடைக்குச் சமம். அதைக் கையால் அமுக்கிப் பொருத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

வளிமுட்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கிண்ணம் இருக்கும். காரில் உள்ள குமிழாணியின் தலை அதற்குள் உட்கார்ந்திருக்கும். கிண்ணத்தின் வெளியே ஒரு கவ்வுகம்பி. தட்டையான சிறு திருப்புளியால் அந்தக் கவ்வுகம்பியைச் சற்றே நெம்புங்கள், முழுதாகப் பிடுங்க வேண்டாம். நெம்பியபடி இழுத்தால் கிண்ணம் கழன்றுவரும். ஒரு பக்கத்தை மாற்றி முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

புதியதைப் பழையது இருந்த திசையிலேயே மாட்டுங்கள். பொதுவாகக் கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெய் அப்போது அடைப்பு வளையத்தின் மேல் தங்கி அதைக் காயாமல் வைத்திருக்கும். தலைகீழாக மாட்டினால் வளையம் காய்ந்து சீக்கிரமே கசியும். கிண்ணத்தைக் குமிழாணியின் மேல் வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். இழுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பளபளப்பான தண்டில் இடுக்கி படவே கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் அது அடைப்பு வளையத்தை அறுக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அங்கே இருப்பவர்கள் தண்டை அவ்வப்போது உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துவிடுவது நல்லது.

இவ்வளவு சொல்லியும் ‘வளிமுட்டு’ எனக்கு எங்கும் தடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கார், டயர், நியூட்டன், பானெட் ஆகியவற்றை நான் வேண்டுமென்றேதான் அப்படியே விட்டேன். கணினி மக்கள் வாயில் ஏறியது, மகிழுந்து ஏறவில்லை. ஏற்கெனவே எல்லோரும் ஒரே பெயரால் அழைக்கிற பொருளுக்கு இன்னொரு பெயர் வைப்பதில் நம் உழைப்பைச் செலவிட வேண்டாம். இந்தத் தண்டுக்கு அப்படி நிலைத்த பெயர் இல்லை, மூன்று பெயர்கள் மூன்று தவறான எண்ணங்களைத் தருகின்றன. இங்கேதான் தமிழ்ச்சொல்லுக்குத் தேவை இருக்கிறது.

— அம்பாசமுத்திரத்திலிருந்து

* * *

தம்பி,

வேலைக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், நன்றி. ‘முட்டு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது; எங்கள் அம்மா கேட்டவுடனே அது என்ன என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ‘வளி’ வேண்டாம். எழுத்தில் சரிதான். வாயால் சொல்லும்போது வளியும் வலியும் நம் ஊரில் பல பேருக்கு ஒன்றாகத்தான் ஒலிக்கும். முட்டு என்றால் முழங்காலும்தான். ‘வலிமுட்டு’ என்று காதில் விழுந்தால் கடைக்காரர் மூட்டுவலித் தைலத்தை நினைப்பார். ‘வாயு’ என்று மாற்றினாலும் வயிற்றுக் கோளாறுதான் நினைவுக்கு வரும்.

‘காற்றுமுட்டு’ என்று வைத்தால் என்ன? டயர்க் கடையில் ‘நைட்ரஜன் காற்று’ என்றுதானே சொல்கிறார்கள்? காற்று அடைத்த முட்டு என்று யாரும் விளக்காமலே புரியும்.

— தென்காசியிலிருந்து

* * *

இருவருக்கும்,

‘காற்று’ என்றதும் எனக்கு ஒரு தயக்கம் வந்தது. நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது: எண்ணெய் இருக்கும் இடத்தில் இவ்வளவு அழுத்தத்தில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது, ஈரமும் துருவும் கூடாது. காற்றுமுட்டு என்று பெயர் வைத்தால், டயர்க் கடையில் காற்று அடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் கிளம்பிவிடுவாரோ என்று எண்ணினேன். பிறகு யோசித்ததில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. இதில் காற்று அடிக்க வால்வே கிடையாது. டயர்க் கடையில் காற்றடிக்கும் அமுக்கியின் (கம்ப்ரசர்) அழுத்தமும் இதன் உள்ளழுத்தத்துக்கு அருகில் வராது. எண்ணெய் ஊற்றத் துளை போடுகிற எண்ணத்தைவிடக் ‘காற்று’ தருகிற எண்ணம் பாதுகாப்பானது. வெடிக்கும் என்ற அச்சமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது. தம்பி கேட்டதும் அதுதானே?

எனவே இப்படிப் பதிவு செய்யலாம் என்று நினைக்கிறேன். இயற்பியல் வகைப்பெயராக ‘வளிம வில்’ இருக்கட்டும், அதை நான் விடவில்லை. பாகத்தின் பெயர்:

காற்றுமுட்டு: உயர் அழுத்த நைட்ரஜனும் சிறிதளவு எண்ணெயும் அடைத்து மூடப்பட்ட உருளையும் தண்டும் கொண்ட, கதவு அல்லது மூடியைத் தூக்கி நிறுத்தும் உறுப்பு. பழுது பார்க்கவோ மீண்டும் நிரப்பவோ இயலாதது. திறக்கவோ, அறுக்கவோ, எரிக்கவோ கூடாதது.

எச்சரிக்கையைப் பொருள் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். தங்கை தன் தொகுப்பில் அதைப் பிரிக்காமல் அச்சிட வேண்டும். பழைய காற்றுமுட்டைக் காயலான் கடையில் போடும்போதும், ‘இதற்குள் அழுத்தம் இருக்கிறது, வெட்டாதீர்கள்’ என்று வாயால் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிண்ணம், கவ்வுகம்பி இரண்டும் எனக்குச் சம்மதம். குமிழாணியில் மட்டும் ஒரு கேள்வி. பள்ளிப் பாடத்தில் இடுப்பு மூட்டைப் ‘பந்துக் கிண்ண மூட்டு’ என்று படிக்கிறார்கள். அதோடு ஒத்துப்போக இதைப் ‘பந்தாணி’ என்று வைக்கலாமே? குமிழ் என்றால் பாதக்குறட்டின் குமிழைப்போல விரலால் பிடிப்பது என்ற எண்ணமும் வருகிறது. தம்பி இதற்கு ஒரு பதில் எழுதட்டும். அதுவரை பட்டியலில் இரண்டு சொல்லையும் போட்டு வைக்கிறேன்.

— பாளையங்கோட்டையிலிருந்து