12ஆம் வகுப்பில் எதைக் குறைப்பது?

கேள்வி:
என் மகள் அமெரிக்காவில் 12ஆம் வகுப்புப் படிக்கிறாள். நான்கு ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்), பள்ளி இசைக்குழுவில் வயலின், ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் அணி, சனிக்கிழமைகளில் நூலகத்தில் தன்னார்வப் பணி என எல்லாம் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்குமான பொது விண்ணப்பப் படிவம்) கட்டுரையைத் திறக்கிறாள். நவம்பர் 1ஆம் தேதிக்குள் இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றையாவது விட்டுவிடு என்றால், படிவத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து இடங்கள் இருக்கின்றனவே என்கிறாள். எதைக் குறைக்கச் சொல்வது?

பதில் 1:
பத்து என்பது மேல்வரம்பு மட்டுமே. அத்தனையையும் நிரப்பியாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு செயல்பாட்டையும் விவரிக்க 150 எழுத்துகள்தான் கிடைக்கும். அதோடு எந்தெந்த வகுப்புகளில் செய்தீர்கள், வாரத்திற்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள். ஆகவே இதுவரை செய்த நூலகப் பணியை இந்த அக்டோபரில் நிறுத்தினாலும், செய்தது செய்ததாகவே படிவத்தில் நிற்கும். ரோபாட்டிக்ஸில் பெரிய அணிகளுக்கான போட்டியின் விதிகள் ஜனவரியில்தான் வெளியாகும் என்பதால், அவள் அந்தப் பிரிவில் இருந்தால், இலையுதிர்காலக் கூட்டங்களுக்குப் பயிற்றுநரிடம் சொல்லிவிட்டு விடுப்பு எடுக்கலாம். வயலினை விடச் சொல்லாதீர்கள். என் மகன் இதே நேரத்தில் தனக்குப் பிடித்த ஒன்றை விட்டான். மிச்சமான நேரம் கைப்பேசியில்தான் போயிற்று.

பதில் 2:
நான் இப்போது கல்லூரியில் முதலாண்டு மாணவன். நேரத்தை விழுங்குவது 650 சொற்களுக்குள் எழுதும் முதன்மைக் கட்டுரை அன்று. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கேட்கும் துணைக் கட்டுரைகளே. எல்லாக் கேள்விகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது, 'எங்கள் கல்லூரி ஏன்?', 'உங்கள் சமூகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பவை சொல் மாறித் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. பன்னிரண்டு கட்டுரைகள் என்று நான் பயந்தது ஐந்தாகச் சுருங்கியது. இரவு பத்து மணிக்குமேல் எழுதியதை நான் பெரும்பாலும் மறுநாள் அழித்தேன். சனிக்கிழமை காலையில் எழுதியதே நின்றது. பரிந்துரைக் கடிதத்திற்கு ஆசிரியர்களிடம் இன்னும் கேட்கவில்லையென்றால், அதை நாளையே செய்யச் சொல்லுங்கள், அக்கா.

பதில் 3:
மதிப்பெண்ணை மறந்துவிட வேண்டாம். பல கல்லூரிகள் முதல் அரையாண்டு மதிப்பெண்களை இடைக்கால அறிக்கையில் கேட்கின்றன. ஏபி பாடம் ஒன்றை இடையில் விட்டால் அதையும் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். நவம்பர் 1க்குள் விண்ணப்பிக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒன்று 'எர்லி டிசிஷன்' என்றால், இடம் கிடைத்ததும் அங்கேயே சேர்வதாக ஒப்புக்கொள்கிறோம் என்பதால், செலவுக் கணக்கை இப்போதே பாருங்கள். நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோர் பகுதியை நீங்களே முடித்துவிட்டால் அவளுக்கு ஒரு சுமை குறையும்.

கேட்டவர்:
நன்றி. நூலகத்தை டிசம்பர் வரை நிறுத்த ஒப்புக்கொண்டாள். அவள் இருப்பது பெரிய அணியில்தான். நாளை பயிற்றுநரிடம் பேசப்போகிறாள். ஃபாஃப்சாவை இன்றிரவு நான் தொடங்குகிறேன்.