பயாப்சி ரிப்போர்ட்ல கட்டியைச் சுத்தி இருக்குற செல்லைப் பத்தி எழுதிருக்கு, அதுவும் கேன்சரா?

கொடிக்கால்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். சோழவந்தான் பக்கம் எங்களுக்கு வெத்தலைக் கொடிக்கால். அப்பாவுக்கு 61 வயசு, நாப்பது வருசமா வெத்தலை பாக்கு போயிலையை இடது கடவாயில அதக்கிக்கிட்டேதான் வேலை பாப்பாரு. அதே எடத்துல கன்னத்து உள்பக்கம் ஒரு புண்ணு வந்து ஆறவே இல்ல, சூட்டுப் புண்ணுண்டு நெனச்சு மணத்தக்காளிக் கீரையும் தேங்காப்பாலும் குடுத்து மூணு மாசத்தை ஓட்டிட்டோம், அதை நெனச்சா இப்பயும் நெஞ்சு அடைக்குது. ஆபரேசன் முடிஞ்சு இன்னைக்குப் பதினெட்டாம் நாளு. கன்னத்துக் கட்டியையும் கழுத்துல நெறிகட்டியையும் ஒண்ணாவே எடுத்துட்டாங்க.

ரிப்போர்ட்ல ஓரமெல்லாம் க்ளியர், கட்டி 2.5 செ.மீ., ஆழம் 8 மி.மீ., நெறிகட்டில ஒண்ணே ஒண்ணுல இருக்கு ஆனா அதை உடைச்சு வெளிய வரல, நரம்பை ஒட்டி ஓடிருக்கு அப்டிண்டு போட்டுருக்கு. கடைசில "டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா"ண்டு ஒரு வரி. அது என்னண்டு கேட்டதுக்கு டாக்டர் "சுத்தி இருக்குற செல்லு கேன்சருக்கு ஒத்தாசையா மாறிருக்கு"ண்டு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்புட்டுட்டாங்க. அப்ப அந்த செல்லும் கேன்சரா, அதையும் வெட்டிருக்கணுமா? ஓரம் க்ளியருண்டா கரண்ட்டு (கதிர்வீச்சு) எதுக்கு வைக்கணும்? மாமா வேற கத்தி வச்சதாலதான் கழுத்துக்கு எறங்கிருச்சுங்கறாரு. கரண்ட்டை சித்திரைத் திருவிழா முடியட்டும், அழகர் ஆத்துல எறங்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்ங்கறாங்க வீட்டுல, அதுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல கெடக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்லைடு பாக்குறவ:
அண்ணே, நான் வாய் நோய்க்கூறு படிச்சவ, தினமும் மைக்ரோஸ்கோப்ல பாக்குறதே இதைத்தான். உங்க மாமாவுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். கழுத்து நெறிகட்டியை எடுத்தது அதே ஆபரேசன்ல. எடுத்ததுக்குள்ளயே கேன்சர் இருந்துச்சுன்னா கத்தி படுறதுக்கு முன்னாடியே அது அங்க போயிருச்சுன்னுதானே அர்த்தம். கத்தி கொண்டு போய் வைக்கல, கத்தி வெளிய எடுத்துச்சு. மும்பை டாட்டா ஆஸ்பத்திரி ஆய்வு 2015-ல வந்துச்சு, கழுத்துல எதுவும் தட்டுப்படாத ஆரம்ப நிலை வாய் கேன்சர்லயே முதல் ஆபரேசன்லயே கழுத்தையும் சுத்தம் பண்ணவங்கள்ல மூணு வருசம் கழிச்சு 80 சதவீதம் பேரு உயிரோட இருந்தாங்க, அப்பறமா பாத்துக்கலாம்னு விட்டவங்கள்ல 67.5 தான்.

இப்ப அந்த வரி. நம்ம தோலுக்கும் வாய்த்தோலுக்கும் அடியில ஃபைப்ரோபிளாஸ்ட்னு நார் செல்லுங்க இருக்கு. காயம் பட்டா ஓடி வந்து நார் பின்னி, இழுத்துப் பிடிச்சு, புண்ணை மூடிட்டு அடங்கிரும். நல்ல செல்லுதான், கேன்சர் இல்ல. ஆனா கேன்சர் செல்லு டிஜிஎஃப்-பீட்டா மாதிரி சில சமிக்ஞைய விட்டுக்கிட்டே இருக்கறதால இங்க ஆறாத காயம் ஒண்ணு இருக்குன்னு நெனச்சு அந்த நார் செல்லு வேலையை நிறுத்தாமப் பின்னிக்கிட்டே இருக்கும். கட்டி கல்லு மாதிரி கெட்டியா கைக்குத் தட்டுப்படுறதுக்கு அந்த நாரும் ஒரு காரணம். உங்க ரிப்போர்ட்ல இருக்குற டெஸ்மோபிளாசியா அதுதான்.

அந்த நார் செல்லு நார் பின்னுறதோட நிக்காது. நாரை அறுக்குற என்சைமையும், கேன்சர் செல்லை நகரச் சொல்லித் தூண்டுற பொருளையும் சேத்தே சுரக்கும். 2007-ல ஒரு ஆய்வுல நேராவே பாத்தாங்க, நார் செல்லு முன்னால போயி திசுவுக்குள்ள தடம் வெட்டுது, பின்னாலயே கேன்சர் செல்லு வரிசையா அந்தத் தடத்துல போகுது. 2017-ல 18 பேரோட தலை கழுத்துக் கட்டிய, பெரும்பாலும் வாய்க் கட்டிங்க, ஒவ்வொரு செல்லாப் பிரிச்சுப் பாத்தப்ப கட்டியோட விளிம்புல நார் செல்லு பக்கத்துல இருக்குற கேன்சர் செல்லுங்கதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்குற குணத்தைப் பாதி விட்டுட்டு நகரத் தயாரா இருந்துச்சு, அந்தக் குணம் இருந்த கட்டிங்க நெறிகட்டிக்குப் போறதும் அதிகம். உங்க அப்பாவுக்கு ஆழம் 8 மி.மீ., நரம்பை ஒட்டி ஓட்டம், ஒரு நெறிகட்டி, மூணையும் சேத்துப் பாத்தா இந்தக் கட்டி ஏற்கனவே நடக்கக் கத்துக்கிச்சு. ஓரம் க்ளியருங்கறது மைக்ரோஸ்கோப்ல பாத்த எல்லைய வச்சு. தடத்துல போன ஒண்ணு ரெண்டு செல்லு எங்கயாவது நின்னுருந்தா அதுக்குத்தான் கரண்ட்டு. அந்த நார் செல்லுல பெரும்பங்கு கட்டியோட சேத்து வெளிய வந்துருச்சு, அதை நெனச்சுக் கவலைப்படாதீங்க.

கரண்ட்டை மட்டும் தள்ளாதீங்க அண்ணே. ஆபரேசன்ல இருந்து ஆறு வாரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், உங்களுக்கு இன்னும் 24 நாளுதான் இருக்கு.

கொடிக்கால்காரன்:
ரொம்ப நன்றிம்மா. இப்பத்தான் வெளங்குது. கொடிக்கால்ல நாங்க மொதல்ல அகத்தியப் போட்டு வளத்துட்டுத்தான் கொடியை ஏத்துவோம், அகத்தி இல்லாம கொடி எந்திரிக்காது. இதுவும் அப்படித்தானா?

ஸ்லைடு பாக்குறவ:
அப்படியேதான், ஒரே ஒரு வித்தியாசம், இங்க அகத்திய யாரும் நடல, கொடியே தனக்கு வேணும்னு வரவச்சுக்குது. 1889-லயே பேஜெட்டுங்கற இங்கிலீஷ் டாக்டர் கேன்சரை விதை, உடம்பை மண்ணுன்னு சொன்னாரு, விவசாயிக்கு இதைச் சொல்லிக் குடுக்கத் தேவையே இல்ல.

மேலூர்க்காரன்:
அப்ப அகத்திய வெட்டிட்டா கொடி சாஞ்சுருமே, அந்த நார் செல்லை மட்டும் அழிக்க மருந்து இல்லையா?

ஸ்லைடு பாக்குறவ:
நல்ல கேள்வி, எல்லாரும் அப்படித்தான் நெனச்சாங்க. 2014-ல எலிங்களுக்கு கணையக் கேன்சர்ல அந்த செல்லை அழிச்சுப் பாத்தாங்க, கட்டி இன்னும் மூர்க்கமாத்தான் ஆச்சு. அதுல ஒரு பகுதி கட்டியை வேலி போட்டு அடக்கியும் வச்சுருந்துருக்கு. அதனால மொத்தமா அழிக்க முடியாது, எது வேலி எது ஏணின்னு பிரிச்சுப் பாக்கணும். சுத்தியிருக்குற எதிர்ப்புச் செல்லுங்கள கேன்சர் அடக்கி வச்சுருக்குமில்ல, அந்தக் கட்டை அவுக்குற இம்யூனோதெரபி ஊசி 2016-ல இருந்து தலை கழுத்துக் கேன்சருக்கு இருக்கு, ஆனா விலை ரொம்ப, எல்லாருக்கும் கேக்கறதும் இல்ல. கொடிக்கால் அண்ணே, உங்க அப்பாவுக்கு அது வேணுமா, கரண்ட்டு போதுமான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும்.

வடகரை தங்கச்சி:
அண்ணே, என் வீட்டுக்காரரு போயிலை தொட்டதே இல்ல, வெறும் பாக்குதான். போயிலை இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுன்னு நாங்க எல்லாரும் நம்புனோம். வாய் தெறக்கறது கொஞ்சங் கொஞ்சமா கொறைஞ்சு ரெண்டு விரல் கூட உள்ள போகல, காரம் பட்டா எரிச்சல், கன்னம் உள்ளாற வெள்ளையா தோலு மாதிரி. அது நார்க்கட்டு நோயாம், பாக்குல இருக்குற அரிகோலின் நேரா இந்த நார் செல்லைத்தான் தூண்டுதாம். அதாவது கேன்சர் வர்றதுக்கு முன்னாடியே மண்ணு தயாராகிருது. உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் அமைப்பு 2004-லயே பாக்கை, போயிலை இல்லாத வெறும் பாக்கையே, கேன்சர் உண்டாக்கும்னு முதல் பிரிவுல சேத்துருச்சு. எங்களுக்கு அது தெரிய வந்தப்ப நேரம் போயிருச்சு. உங்க வீட்டுல வேற யாரும் போடுறாங்களா பாருங்க, மூணு விரலை ஒண்ணுக்கு மேல ஒண்ணா செங்குத்தா வச்சு வாய்க்குள்ள விட்டுப் பாருங்க.

அப்பறம் கரண்ட்டுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டணும், ஆடுற பல்லு, காப்பாத்த முடியாத சொத்தைப் பல்லு எல்லாம் முதல்லயே எடுத்துரணும், கரண்ட்டு வச்சப்பறம் பல்லு புடுங்குனா தாடை எலும்பு ஆறாமப் போயிரலாம். எடுத்த புண்ணு ஆறவும் நாளு வேணும், இன்னைக்கே கெளம்புங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா கையில வச்சுக்கோங்க, மதுரை பாலரெங்காபுரம் அரசு ஆஸ்பத்திரியிலயும் கரண்ட்டு வைக்கறாங்க.

கொடிக்கால்காரன்:
ராத்திரி மாமாவை ஒக்காரவச்சு எல்லாத்தையும் வாசிச்சுக் காமிச்சேன், நெறிகட்டி விசயம் கேட்டதும் பேசாம இருந்துட்டாரு. அப்பாதான் "எதிர்சேவைக்கு நீங்க போங்க, நான் டிவியில பாத்துக்கறேன்"ண்டு சொல்லிட்டாரு. செவ்வாக்கெழம பல்லு, வியாழக்கெழம கரண்ட்டுக்கு அளவெடுக்க வரச் சொல்லிருக்காங்க. தங்கச்சி, நீங்க சொன்ன மாதிரியே தம்பிக்கு விரலை விட்டுப் பாத்தேன். ரெண்டு விரலுதான் போகுது. அவனுக்கு 29 வயசு. செவ்வாக்கெழம அவனையும் கூட்டிட்டுப் போறேன்.