புயல் பறவையா, தூம்புமூக்கனா?

குழுவினர்க்கு வணக்கம்.

தென் அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பூவே (Bouvet) தீவின் பறவைகளைப் பற்றிய கட்டுரைக்காக, ஆல்பட்ராஸ், பெட்ரல், ஃபுல்மர் ஆகிய கடற்பறவைகள் அடங்கிய உயிரியல் வரிசைக்கு (order) நண்பர் முன்மொழிந்த ‘புயல் பறவைகள்’ என்னும் பெயரை என்னால் ஏற்க இயலவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்ட கடலூரில், இப்பெயரைப் படிக்கும் எவரும் புயல் வருவதை முன்னறிவிக்கும் பறவை என்றே பொருள் கொள்வார்கள்.

இவ்வரிசையின் உண்மையான அடையாளம் மூக்கில் இருக்கிறது. அலகின் மேல் நாசித்துளைகள் குழல்களாக நீண்டிருக்கின்றன. ஆல்பட்ராஸுக்கு மட்டும் அவை அலகின் இரு பக்கங்களிலும் தனித்தனியே அமைந்துள்ளன. நன்னீரே கிடைக்காத நடுக்கடலில் வாழும் இப்பறவைகள், கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் உப்புநீரை நாசி வழியாகவே வெளியேற்றுகின்றன. இவற்றுள் பல, பறவைகளில் அரிதான கூரிய மோப்பத்தால் இரையைத் தேடிச் செல்கின்றன.

ஆகவே ‘தூம்புமூக்கன்’ என்று முன்மொழிகிறேன். ‘குழாய்’ என்றால் தெருக்குழாய்தான் நினைவுக்கு வரும். தூம்போ, ஏரியிலிருந்து நீரை வெளிவிடும் வழிக்கும், சங்கப் பாடலில் யானை பெருமூச்சு விடுவதுபோல் ஒலிக்கும் ஊதுகருவிக்கும் பெயர். நீரும் மூச்சும் செல்லும் இந்த மூக்குக்கு இரண்டுமே பொருந்துகின்றன. ‘அரிவாள் மூக்கன்’ என்னும் பறவைப் பெயர் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் சொல்லமைப்பும் புதிதன்று.

தீவின் பெயரைப் பிரெஞ்சு ஒலிப்பை ஒட்டிப் ‘பூவே’ என்றே எழுதலாம். 1739 ஜனவரி 1 அன்று அதைக் கண்ட பூவே, பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கடலோடி; 1748இல் கடலூர்க் கடலில் நின்ற ஆங்கிலக் கப்பல்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு, அப்போது பிரெஞ்சுக்காரர் வசமிருந்த சென்னையில் படைவீரர்களையும் பணத்தையும் இறக்கிச் சென்றவரும் அவரே. நம் கரைக்கு இவ்வளவு நெருங்கிய ஒருவரின் பெயரை ‘பூவெட்’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. தீவு இன்று நார்வேக்கு உரியது. ஏறத்தாழ 49 சதுர கிலோமீட்டர் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பனியாறுகளே மூடியிருக்கின்றன, மனிதக் குடியிருப்பு இல்லை.

வரிசைக்குள், அலைமேல் கால் பாவியபடி இரை கொத்தும் சிறு பெட்ரல்களை ‘அலைமிதித் தூம்புமூக்கன்’ எனலாம். பென்குயின்கள் நீங்கலாகப் பூவே தீவில் மிகுதியாக உள்ள ஃபுல்மருக்கு, எதிரியின்மேல் நாற்றமடிக்கும் எண்ணெயை உமிழும் அதன் வழக்கத்தைக் கொண்டு ‘எண்ணெய் உமிழி’ என்று பெயரிடலாமா என எண்ணுகிறேன். ஆனால் அவ்வழக்கம் வேறு சில பெட்ரல்களுக்கும் உண்டு என்பதால், தகுந்த சொல் கிடைக்கும்வரை ஃபுல்மர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.