மறுமொழி: பி.எஸ்.பி.க்குத் தமிழ்ப்பெயர் (வெள்ளிக்குள் தேவை)

ம. (ஸ்கார்பரோ):
எல்லோருக்கும் வணக்கம். நோயாளிகளின் குடும்பங்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோய், புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பி.எஸ்.பி. 1964இல் இதே டொராண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்செவ்ஸ்கி மூவரும் ஒன்பது நோயாளிகளை வைத்து விவரித்தது. தொடக்கத்தில் பார்க்கின்சன் மாதிரியே தெரியும். ஆனால் நடுக்கம் பெரும்பாலும் இராது, பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோப்பா மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது, சீக்கிரமே பின்பக்கமாக விழத் தொடங்குவார்கள். கண்ணை மேலும் கீழும் நகர்த்துவது கடினமாகும். 'வளர் மேலுட்கரு வாதம்' என்று எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "இது கருப்பையில வாற வருத்தமோ?" என்று கேட்டார்.

ச. (பாளையங்கோட்டை):
அம்மா கேட்டதில் தவறே இல்லை. 'வாதம்' என்றதும் இங்கே பக்கவாதம், உங்கள் பக்கம் பாரிசவாதம். சொல்லே வடமொழி, காற்று என்று பொருள். வள்ளுவர் 'வளி முதலா எண்ணிய மூன்று' என்றுதானே சொன்னார்? பார்க்கின்சனுக்குச் சொல்லும் 'நடுக்குவாதம்' வேண்டவே வேண்டாம். நடுக்கமே இல்லாதவருக்கு நடுக்குவாதமா? கீழே பார்க்க முடியாததுதானே முக்கியம். 'யான்நோக்குங் காலை நிலன்நோக்கும்' என்ற குறளிலேயே சொல் கிடைக்கிறது: நிலநோக்கின்மை!

க. (மதுரை, நரம்பியல் படிப்பவன்):
ஐயா, சொல் அழகுதான். ஆனால் அதில் 'மேல்', அதாவது 'சூப்ரா', போய்விட்டது. நோயாளியைக் கீழே பார்க்கச் சொன்னால் கண் இறங்காது. அவரையே எதிரிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லி, நாம் தலையைப் பிடித்து மெல்ல அண்ணாத்தினால் அதே கண் இறங்கும். அப்படியானால் தசையும் நன்றாக இருக்கிறது, அதை இயக்கும் நரம்புக்கருவும் (நியூக்ளியஸ்) நன்றாக இருக்கிறது. கோளாறு அதற்கு மேலே, கட்டளை வரும் வழியில். அந்த 'மேல்'தான் நோயறிதலே. அப்புறம், முழுதாக முடங்கும் முன்பே மேல்கீழ் அசைவு மந்தமாகிவிடும். 'இன்மை' என்றால் அந்தக் கட்டம் விட்டுப்போகும்.

ம.:
சரி, 'மேற்கரு நோக்குமுடக்கம்'? இன்னொரு சிக்கலும் உண்டு. எம்.ஆர்.ஐ. பக்கவாட்டுப் படத்தில் நடுமூளை மெலிந்து, கீழேயுள்ள பான்ஸ் என்ற மூளைத்தண்டுப் பகுதி பருமன் குறையாமல் இருப்பதால் ஹம்மிங்பேர்ட் மாதிரித் தெரியும் என்கிறார்கள். 'தேன்சிட்டுக் குறி' என்று போடலாமா?

த. (யாழ்ப்பாணம்):
கூடாது! தேன்சிட்டு நம் முற்றத்துப் பறவை. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. அதற்கு 'ஓசனிச்சிட்டு' இருக்கிறதே. ஓசனித்தல் என்றால் சிறகடித்தல். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைமருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அதற்குப் பிறகும் நாங்கள் பறவையை மாற்றி எழுதுவதா?

ச.:
கிறீன் தன் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தவர். தூய்மைக்கு அவரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

க.:
ஓசனிச்சிட்டைப் பார்த்தவர் யார், கேட்டவர் யார்? அதே படத்தைப் பென்குவின் என்றும் சொல்வார்கள்: நடுமூளை தலை, பான்ஸ் உடல். பென்குவினைக் குழந்தைக்கும் தெரியும். இன்னொன்று, படம் துணைச்சான்றுதான். இந்நோயை அறிவதற்கான 2017 அளவுகோலும் கண், விழுகை, அசைவுமந்தம், அறிவாற்றல் என்ற நான்கை வைத்தே தொடங்குகிறது. பறவை தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று குடும்பம் நினைத்துவிடக் கூடாது. அந்த வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

த.:
பென்குவின் தமிழா?

க.:
பான்ஸ் தமிழா, அக்கா?

ம.:
நாளை வெள்ளி. தலைப்பில் 'பி.எஸ்.பி.', அடியில் 'மேற்கரு நோக்குமுடக்கம்', அதன்கீழ் 'கண்ணை மேலும் கீழும் அசைக்கக் கடினமாகி, அடிக்கடி பின்னால் விழவைக்கும் மூளைநோய்'. படத்துக்குப் பென்குவின். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப படி இறங்கேக்க ஆரும் கையைப் பிடிக்க வேணும்" என்றார். மூன்று பேர் சரி என்றார்கள், அனுப்பிவிட்டேன்.

த.:
அந்த மூவரில் நான் இல்லை. ஓசனிச்சிட்டு.

ச.:
நானும் இல்லை. அடுத்த பதிப்பு எப்போது?