ஆழமாகப் போர் போட்டால் கரண்ட் எடுக்கலாமா?

ரிக்வண்டி:
திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்திருக்கிறேன். 1,200 அடி தாண்டின போரில் மோட்டாரை இறக்கினால் மார்கழி விடியற்காலையில்கூடத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. இன்னும் கீழே போனால் ஆவியே வராதா? சோலார் ராத்திரி படுத்துவிடும், காற்றாலை சீசன் முடிந்தால் மந்தம். பூமிச் சூடு எப்போதும் இருப்பதுதானே, ஏன் யாரும் தொடுவதில்லை?

கல்லும்மண்ணும்:
அண்ணே, சூடு இருக்கிறது, ஆழம்தான் இடிக்கிறது. கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறுவது உலக சராசரி. நம்மூர்க் கெட்டிப்பாறை ரொம்பப் பழசு, அதில் இன்னும் குறைவு. 150 டிகிரி வேண்டுமென்றால் 5 கிலோமீட்டர் போதாது. அதுவே 16,000 அடிக்கு மேல்! உங்கள் கல்லுடைக்கும் ஹேமரும் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரும் அங்கே எடுபடாது. போய்ச் சேர்ந்தாலும் சூடான கல்தான் இருக்கும், தண்ணீர் ஓட வெடிப்பு இருக்காது. சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தில் 5 கிலோமீட்டர் துளைத்து, தண்ணீரை அழுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்கப் பார்த்தார்கள். 2006 டிசம்பரில் 3.4 அளவுக்கு நிலம் ஆடியது. ஜனங்கள் மிரண்டு, கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள்.

பனிக்காரி:
நான் ரெய்க்யவிக்கில் இருக்கிறேன். குழாயைத் திறந்தால் வெந்நீரோடு அழுகின முட்டை வாடையும் வரும். அம்மா கொடுத்த வெள்ளிக் கொலுசு கறுத்தே போய்விட்டது! ஐஸ்லாந்தில் எல்லாமே பூமிச் சூட்டுக் கரண்ட் என்று ஊரில் நினைக்கிறார்கள். கரண்டில் பெரும்பங்கு அருவி, ஆற்றுத் தண்ணீரிலிருந்துதான். பூமிச் சூட்டின் நிஜமான லாபம் வீட்டைச் சூடாக்குவதில் இருக்கிறது, பத்தில் ஒன்பது வீட்டுக்கு அதுதான்.

ரிக்வண்டி:
சரி, லடாக்கில் வெந்நீர் ஊற்று இருக்கிறதே, அங்கே என்ன தடை?

கல்லும்மண்ணும்:
பூகா பள்ளத்தாக்கைச் சொல்கிறீர்கள். 2021-ல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது. முதலில் 1 மெகாவாட், சோதனைக்கு. 2022-ல் துளையிலிருந்து திரவம் கசிந்து ஓடையில் கலந்ததால் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய தலைவலி பணம். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக் கணக்குக்கு நீங்கள் காசு வாங்கிவிடுவீர்கள், நஷ்டம் விவசாயிக்கு. இங்கேயும் அதே கதை, ஆனால் ஒரு துளைக்கே பல கோடி. ஆவி வருமா என்று தெரியாமல் எந்த வங்கி கடன் தரும்? கென்யாவில் அரசு நிறுவனமே முதலில் துளைத்து, ஆவி வந்தபிறகு தனியாருக்கு விற்கும் வழியைப் பிடித்தார்கள். இன்று அந்த நாட்டு மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு பூமிச் சூடு. நம்மிடம் இல்லாதது சூடு இல்லை, அந்த முதல் துளைக்கு நஷ்டம் தாங்கும் ஆள்.

ரிக்வண்டி:
ஆளைக் காட்டுங்கள், வண்டியை லடாக்குக்கு ஏற்றுகிறேன். டீசல் உறையாதே?

கல்லும்மண்ணும்:
மைனஸ் 33 வரை தாங்கும் டீசலை 2019-லேயே இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் பூகா சுமார் 4,400 மீட்டர் உயரம். உங்களுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி கம்ப்ரசருக்கும் காற்று பத்தாது அண்ணே.